குச்சி வைத்த மாப்பு

“எங்கம்மா இனிமே மண்டி போட்டுத் தொடைக்க மாட்டாங்க. குச்சி வெச்ச மாப்பு ஒண்ணு வாங்கிக் குடுங்க.”

கீதாஞ்சலி இதைச் சொன்னபோது காமேஸ்வரி ஹாலின் மூலையில் ஊதுவத்தி கொளுத்திக்கொண்டிருந்தாள். தீக்குச்சி விரல்வரை எரிந்து வந்தது. உதறிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை. அந்த முகத்தில் கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை.

“வேதா சொல்லச் சொன்னாளா?”

“இல்லைங்க. அம்மாவுக்குத் தெரிஞ்சா என்னை அடிப்பாங்க.”

கதவுக்கு வெளியே கையில் ஈரத்துணியோடு நின்றிருந்த வேதாவுக்குத் தெரிந்துதான் போயிற்று. அடிக்கவில்லை. துணியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கம் நடந்து போனாள். ஐப்பசி மழை விட்டிருந்த காலை நேரம். அவள் முட்டி மடங்காமல் இழுத்து இழுத்துப் போவது ஈரமண்ணில் கோடாகத் தெரிந்தது.

அந்த வீட்டில் எதையும் வாய் திறந்து கேட்கக் கூடாது என்பது கீதாஞ்சலி பள்ளிக்கூடம் போகத் தொடங்குமுன்பே படித்த பாடம். கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளலாம். பழைய புடவை, மீந்த பொங்கல், விருந்தினர் விட்டுப்போன செருப்பு, எதுவானாலும் சரி. நாமாக இன்னது வேண்டும் என்று கேட்டால், ‘உங்களுக்கு இவ்வளவு செய்தும்’ என்ற பேச்சு வரும். இதுவரை அந்தப் பேச்சு வந்ததே இல்லை என்பதில் வேதாவுக்குப் பெருமை.

செங்கம் சாலையிலிருந்து ஆசிரமம் தாண்டிப் பிரியும் சந்து ஒன்றில் இருந்தது அந்த விடுதி. காமேஸ்வரியின் புகுந்த வீட்டார் கோயிலில் பூசை முறை உள்ளவர்கள். கணவர் கோயிலே கதியாக இருக்க, அவள்தான் விடுதியைப் பார்த்துக்கொண்டாள். கீழ்பென்னாத்தூரில் பங்காளிகளோடு பாகம் பிரிந்து கையில் ஒன்றும் மிஞ்சாமல் வந்த வேதாவின் கணவர் சக்கரபாணியைத் தோட்டத்துக்கும் காவலுக்குமாகச் சேர்த்துக்கொண்டு, பின்னால் ஒரு ஷீட் கூரை அறையையும் கொடுத்தவள் அவள். அறைக்கு வாடகை கிடையாது. நிபந்தனையும் கிடையாது என்றுதான் சொல்ல வேண்டும். கவிச்சி சமைக்கக் கூடாது என்று அவள் வாயால் சொன்னதேயில்லை. ஒரு முறை கருவாடு வறுத்த அன்று சன்னலை மெதுவாகச் சாத்தினாள், அவ்வளவுதான். அதிலிருந்து கருவாட்டுக் குழம்பு தின்ன வேண்டுமென்றால் மூன்று பேரும் பஸ் ஏறிக் கீழ்பென்னாத்தூருக்குப் போய்த் தின்றுவிட்டு வருவார்கள்.

விடுதியின் உயிர் அந்த ஹால். எங்கோ இடித்த பங்களாவிலிருந்து எடுத்து வந்த தேக்குப் பலகைகளை வரிசையாக இழைத்துப் பதித்த மரத்தரை. வெளியூர்க்காரர்களும் வெளிநாட்டுக்காரர்களும் அதில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்கள். வெறுங்காலோடு மலை சுற்றிவிட்டு அப்படியே வருவார்கள். பலகையில் தார்க்கறை, மணல், விபூதி, குங்குமம் எல்லாம் பாதம் பாதமாகப் பதிந்து கிடக்கும். அதை வேதா ஒரு கிண்ணம் தண்ணீரும் ஒரு கந்தல் துணியுமாக மண்டியிட்டுத் துடைப்பாள், காலையும் மாலையும்.

முன்பு அப்படி இல்லை. நூல் மாப்பு ஒன்று இருந்தது. போன தீபத்தின்போதுதான் அது போனது.

கார்த்திகை தீபத்துக்கு முன் வீட்டைக் கழுவிவிட வேண்டும். இதை வேதாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விளக்கு வைக்கிற இடத்தை வாளி வாளியாகத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, தள்ளிவிட்டு, ஈரம் காயுமுன் கோலம் போட வேண்டும். கழுவாத வீட்டில் விளக்கேற்றுவதைவிட ஏற்றாமலே இருக்கலாம். காமேஸ்வரி வீட்டார் கோயில் வேலையில் நிற்க நேரமில்லாமல் இருந்த அந்த நாளில், அவர்களுக்கு நல்லது செய்கிற நினைப்பில், வேதா ஹாலையும் கழுவினாள். மஞ்சள் கரைத்த தண்ணீரை நடு ஹாலில் ஊற்றிவிட்டு, விளக்குமாற்றால் தள்ளினாள். தண்ணீர் போக அங்கே வழியில்லை. பலகை இடுக்குகள் எல்லாவற்றையும் குடித்துக்கொண்டன. மலைமேல் தீபம் ஏறியபோது சன்னலோரப் பலகைகள் தோசையின் ஓரம் மாதிரி எழும்பி நின்றன.

“போகட்டும் வேதா. தெரியாமத்தானே பண்ணே,” என்றாள் காமேஸ்வரி.

மறுநாள் மாப்பும் வாளியும் காணாமல் போயின. கிண்ணமும் துணியும் வந்தன.

“ஒரு வார்த்தை திட்டலியே அவங்க,” என்று வேதா அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். “வேற எடமா இருந்தா அன்னைக்கே மூட்டய தூக்கிப் போட்டிருப்பாங்க. திட்டலியே.” திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பாள். திட்டாததால் மண்டி போட்டாள். முட்டியில் நீர் கோத்து, உட்கார்ந்தால் எழ முடியாது என்ற நிலை வந்ததும், ஆவணியிலிருந்து பாதி நாள் அந்தத் துணியைக் கீதாஞ்சலி எடுத்துக்கொண்டாள். வேதியியல் பட்டம் வாங்கியவள், அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள்.

*

பகல் சாப்பாட்டுக்கு அறையில் கேழ்வரகுக் களியும் முருங்கைக்கீரையும் வேர்க்கடலைத் துவையலும் இருந்தன. வேதா காலை நீட்டிச் சுவரில் சாய்ந்திருந்தாள். முட்டியில் எருக்க இலையைச் சூடு காட்டிக் கட்டியிருந்தாள். சக்கரபாணி தட்டை மடியில் வைத்துக்கொண்டு இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“உன்னை யாரு கேக்கச் சொன்னது?” என்றாள் வேதா.

“உன் முட்டிதான் சொல்லுச்சி.”

“நக்கலா பேசாத. இன்னா நெனப்பாங்க அவங்க? பொண்ணு படிச்சிட்டா, அதான் வாய் நீண்டுபோச்சின்னு நெனப்பாங்க.”

“நெனச்சிக்கட்டும். நீண்டுதான் போச்சி.”

“பாக்கறியா இவள,” என்று வேதா கணவனிடம் திரும்பினாள். “நீ கேக்க மாட்டியா?”

“நான் இன்னாத்த கேக்கறது? களி ஆறுது,” என்றார் சக்கரபாணி.

கீதாஞ்சலி போனை எடுத்து அம்மாவின் மடியில் வைத்தாள். கல்லூரித் தோழி இனியா அனுப்பியிருந்த படம் அது. விடுதியின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போட்டிருந்தார்கள். மரத்தரையில் வெயில் சாய்வாக விழ, வேதா மண்டியிட்டுக் குனிந்திருந்தாள். முகம் தெரியவில்லை. முதுகும் கொண்டையும் உள்ளங்காலும் மட்டும் தெரிந்தன. கீழே ‘சேவையே தியானம்’ என்று எழுதியிருந்தது.

“நல்லாத்தான் வந்திருக்குது,” என்றாள் வேதா, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு.

“உங்கம்மாவா இதுன்னு இனியா கேட்டா. உள்ளங்கால வெச்சே கண்டுபுடிச்சிட்டா. பித்தவெடிப்ப பாத்து.”

“அதுக்கு இன்னா இப்ப?”

“உனக்கு வலிக்கிறது அவங்களுக்கு அழகா இருக்குதும்மா. அதான் குச்சி குடுக்க மாட்டேன்றாங்க. பலகையாம், தண்ணியாம். சும்மா.”

“நான் ஊத்தலியா? நான்தான ஊத்தினேன்?”

இந்த இடத்துக்கு வந்துவிட்டால் வேதாவோடு பேச்சு நகராது. கீதாஞ்சலி களியை உருட்டி விழுங்கினாள். அதற்குமேல் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. அதை வீட்டில் எல்லோரும் தெரிந்துகொண்டே பேசாமல் இருந்தார்கள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு மருந்துக் கம்பெனியில், பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும்.

“தீபம் முடியட்டும், அப்பால பாக்கலாம்,” என்றார் சக்கரபாணி, அவள் நினைத்ததைக் கேட்டவர்போல. “ஹாலு நிரம்பற நேரம் பாப்பா. நீ போயிட்டா அம்மா எப்படித் தொடைக்கும்? தொடைக்க முடியலன்னு வெச்சிக்கோ, வேற ஆளத்தான் போடுவாங்க. வேற ஆளு வந்தா அவங்களுக்கு ரூமு வேணும். நாம எங்க போறது?”

“அதுக்குத்தான்ப்பா மாப்பு கேட்டேன்.”

ஷீட்டின்மேல் மறுபடியும் தூறல் விழ ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தில் பேசாமல் இருப்பது சுலபமாக இருந்தது.

*

மாலையில் காமேஸ்வரியே கூப்பிட்டாள். ஹாலில் யாரும் இல்லை.

“யோசிச்சுப் பாத்தேன். வேதாவுக்கு முட்டி இவ்வளவு மோசம்னு எனக்குத் தெரியாது. சொல்ல மாட்டா அவ.” சன்னலோரத்தில் எழும்பியிருந்த பலகையைக் காலால் மெதுவாக அமுக்கினாள். அது உள்ளே போய் மறுபடி வந்தது. “எனக்கு என்னன்னா, குச்சி வெச்சுண்டு சரக்சரக்னு இழுத்தா ஹோட்டல் மாதிரி ஆயிடும். இங்க வரவாளுக்கு அந்த அமைதிதான் முக்கியம். தண்ணி வேற ஜாஸ்தி ஆயிடும். உங்கம்மா பண்ணினது உனக்குத் தெரியுமே.”

“தண்ணி ஜாஸ்தி ஆவாத மாப்பு இருக்குதுங்க. தட்டையா இருக்கும், அடியில துணி. அந்தத் துணிய மட்டும் நனைச்சி நல்லா பிழிஞ்சி மாட்டினா போதும். கழட்டி தெனம் தொவைச்சிக்கலாம். பக்கெட்டே வேணாம்.”

“எல்லாம் படிச்சு வெச்சிருக்கே.”

“ஆமாங்க.”

காமேஸ்வரி சிரித்தாள். நல்ல சிரிப்பு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. “சரி. நீயே பாத்து வாங்கிண்டு வா. நீ எது சொல்றியோ அதான்.”

பெரிய கதவு என்று நினைத்து முட்டியது இப்படித் தானாகத் திறந்துகொண்டதில் கீதாஞ்சலிக்குச் சந்தோஷம் வரவில்லை. என்னவோ சரியில்லை என்று மட்டும் பட்டது.

*

மறுநாள் சக்கரபாணியின் டிவிஎஸ்சில் தேரடிப் பக்கம் போனார்கள். பிளாஸ்டிக் குடமும் விளக்குமாறும் வாசல்வரை தொங்கும் கடை. கடைக்காரர் தசரதன் சக்கரபாணிக்குத் தெரிந்தவர்.

“வாங்க. இன்னா, பொண்ணுக்குச் சீர் சாமானா?”

“நீ வேற. மாப்பு பாக்கணும்.”

தசரதன் முதலில் நூல் மாப்பை எடுத்துப் போட்டார். கீதாஞ்சலி அதைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. “இது குடிக்கிற தண்ணிய பிழிய முடியாதுண்ணா. மரத்தரைக்கு ஆவாது.”

“மரத்தரையா?” தசரதன் சக்கரபாணியைப் பார்த்தார். “ஓ, அங்கயா. அப்ப இதப் பாரு.” வாளிக்குள் கூடை வைத்து, மிதித்தால் சுழன்று பிழிகிற மாப்பு. சக்கரபாணி உடனே உட்கார்ந்து அதைச் சுற்றிவிட்டுப் பார்த்தார். திருவிழா ராட்டினம் பார்க்கிற முகம்.

“பாப்பா, இது ஜோரா இருக்குது. பக்கெட்டு வேற கூட வருது பாரு.”

“பக்கெட்டுதான்ப்பா வேணாம்ன்றது.”

“சும்மா வருது, வேணாம்ன்ற.”

“பக்கெட்ட பாத்தா அம்மா தண்ணி ரொப்பும். ரொப்பினா ஊத்தும். கை தானா ஊத்திடும்.”

தசரதன் சத்தமாகச் சிரித்தார். “அது கரெக்டு. எங்க வீட்டுலயும் அதே கதைதான்.” அடுத்து ஸ்பாஞ்சு மாப்பு வந்தது. இழுத்தால் மடங்கிப் பிழியும் வகை. கீதாஞ்சலி அதன் தலையைத் தடவினாள். இரும்புத் தகடு ஸ்பாஞ்சுக்கு வெளியே நகம் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. “கோடு போட்டுடும்,” என்று திருப்பிக் கொடுத்தாள். “தட்டையா ஒண்ணு வருமே, துணி ஒட்டிக்கற மாதிரி?”

“அதுவா?” தசரதன் உள்ளே போய், பரணிலிருந்து தூசியோடு ஒன்றை எடுத்து வந்தார். “வாங்கினு வந்து போட்டேன், சீந்துவாரில்ல. தண்ணி ஓடினாத்தான் நம்ம ஜனத்துக்குத் தொடைச்ச மாதிரி இருக்கும். இத வெச்சித் தொடைச்சா, தொடைச்சியா இல்லியான்னு மாமியாரு சண்டைக்கி வருவா.”

முழங்கை நீளத்துக்கு ஒரு தட்டை. அது எந்தப் பக்கம் சாய்த்தாலும் சாய்ந்தது. அடியில் பூந்துவாலை மாதிரி குட்டை மயிர் வைத்த துணி, பிய்த்தால் சர்ரென்று வந்தது. வைத்து அழுத்தினால் ஒட்டிக்கொண்டது. கீதாஞ்சலி துணியைக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தாள். ஓரத்துத் தையலை இழுத்துப் பார்த்தாள். தட்டையின் விளிம்பில் விரலை ஓட்டினாள். கடை வாசல் மரப்படியில் போட்டு, எடையில்லாமல் தள்ளிப் பார்த்தாள். இரண்டு தள்ளலில் படியின் தூசு துணிக்கு வந்துவிட்டது.

“மாத்துத் துணி தனியா இருக்குதாண்ணா? ஒண்ணு காயும்போது இன்னொண்ணு வேணும். காஞ்ச துணியில ஒரு வாட்டி மணல எடுத்துடணும். மணலோட ஈரத்துணி போட்டா பலகை கீறிடும்.”

“நீ எடுத்துக்கோம்மா. கேட்டு வாங்கற மொத ஆளு நீதான்.”

குச்சி ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நீள்கிற அலுமினியக் குழாய். நடுவில் திருகு இருந்தது. கீதாஞ்சலி திருகைத் தளர்த்தி, மாப்பை அப்பாவின் முன்னால் நிறுத்தி, குழாயை இறக்கினாள். அவருடைய சட்டைப் பைவரை வந்ததும் திருகை முறுக்கினாள். அம்மாவின் தலை அந்தப் பைக்குக் கொஞ்சம் மேலேதான் வரும்.

“என்னை வெச்சி எதுக்கு அளக்கற? நானா தொடைக்கப் போறேன்?” என்றார் சக்கரபாணி.

“சும்மா நில்லுப்பா.”

திரும்பும் வழியில் அவர் வண்டியை நிறுத்தி, கிரிவலப் பாதை ஓரத்தில் அவளுக்கு அவித்த வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தார். சூடான கடலையை உரித்துக்கொண்டே, மலையைப் பார்த்தபடி சொன்னார்: “சாதிச்சிட்ட பாப்பா. இனிமே உனக்கும் கஷ்டமில்ல. நின்ன வாக்குலயே தொடைச்சிட்டுப் போயினே இருக்கலாம்.”

உனக்கும். கடலை மென்றுகொண்டிருந்த கீதாஞ்சலி மெல்வதை நிறுத்தினாள். காமேஸ்வரியின் சிரிப்பு அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. மாப்பைப் பிடிக்கப் போகிற கை இவளுடையது என்றுதான் அங்கே கணக்கு.

*

ஞாயிற்றுக்கிழமை காலை தியானத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து டீ குடிக்கப் போனதும் சோதனை நடந்தது. வேதா ஓரமாகச் சுவரைப் பிடித்து நின்றாள். பழக்கத்தில் கிண்ணத்தையும் துணியையும் கையோடு எடுத்து வந்திருந்தாள். சக்கரபாணி வாசல்படியில் நின்றார்.

கீதாஞ்சலி காய்ந்த துணியை மாட்டி, பலகை போன போக்கிலேயே ஒரு முறை தள்ளினாள். மணல் வந்தது. பிறகு நனைத்த துணியை முறுக்கி, ஒரு சொட்டும் விழவில்லை என்று காமேஸ்வரிக்குக் காட்டிவிட்டு மாட்டினாள். தார்க்கறை இருந்த இடத்தில் மட்டும் குச்சியில் கொஞ்சம் எடை கொடுத்தாள். அவளுக்குக் குச்சி குட்டையாக இருந்தது. குனிந்து குனிந்து தள்ள வேண்டியிருந்தது. பின்னால் விழுந்த ஈரம், அவள் அடுத்த வரிசைக்குத் திரும்புமுன் காய்ந்துபோயிற்று. சத்தமே இல்லை.

காமேஸ்வரி குனிந்து பலகையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

“ஈரமே இல்லையே. நன்னா இருக்குடி.” நிமிர்ந்தாள். “சொல்றேன் கேளு. மாடியிலயும் இதே மாதிரி மரம் போட்டு இன்னொரு ஹால் பண்ணணும்னு ரொம்ப நாளா மனசுல. யாரு பாத்துப்பான்னுதான் விட்டு வெச்சிருந்தேன். நீ இருக்கியே இப்போ. ரெண்டையும் நீ பாத்துக்கோ, வரவாளோட ரெண்டு வார்த்தை இங்கிலீஷ்லயும் பேசு. படிச்சதும் வீணாகாது. எங்கேயோ போய் ஹாஸ்டல்ல கஷ்டப்படணும்னு என்ன தலையெழுத்து?”

“நல்லதும்மா,” என்றார் சக்கரபாணி வாசலிலிருந்து. அவர் கும்பிட்டேவிட்டார்.

வேதா மகளைப் பார்த்தாள். வாய் திறந்து கேட்காத, கேட்கத் தெரியாத முகம். இரு என்று அது கெஞ்சியது.

“நீ ரொம்பக் குனியறியே,” என்றாள் காமேஸ்வரி. “குச்சியைக் கொஞ்சம் நீட்டிக்கோ.”

“இது எனக்கு இல்லைங்க.”

கீதாஞ்சலி அம்மாவிடம் போனாள். அவள் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கிச் சன்னல்மேல் வைத்துவிட்டு, குச்சியை அந்தக் கையில் கொடுத்தாள். குச்சியின் நுனி வேதாவின் நாடிக்குச் சரியாக வந்தது.

“அம்மா ஒசரத்துக்கு வெச்சிருக்கேன். மொதல்ல காஞ்ச துணி, அப்பால ஈரத்துணி, காட்டினேனே அப்படி. மாடிக்கு அம்மாவால ஏற முடியாதுங்க, அதுக்கு வேற ஆளு பாத்துக்கங்க. நான் இன்னைக்கி சாயங்காலம் ஸ்ரீபெரும்புதூர்ல இருக்கணும்.”

“பாப்பா,” என்றார் சக்கரபாணி.

வெளியே டீ குடித்தவர்களில் யாரோ சிரித்தார்கள். காமேஸ்வரியின் முகம் மாறவில்லை.

“போகட்டும்,” என்றாள், அதே மெதுவான குரலில். “சின்னப் பொண்ணு. தெரியாமப் பேசறே.”

இந்தச் சொல்தான் அம்மாவை மண்டி போட வைத்தது. கீதாஞ்சலி அதை முழுதாகக் கேட்டாள்.

“தெரிஞ்சிதாங்க பேசறேன். ரூம காலி பண்ணணும்னா வாயத் தொறந்து சொல்லுங்க. மாசாமாசம் நான் வாடகை குடுக்கற மாதிரி வேங்கிக்கால்ல ஒரு வீடு பாக்கறேன். அங்க கருவாடும் வறுப்போம்.”

“அய்யோ, இன்னா பேச்சுடி இது,” என்றாள் வேதா.

பையை விடியும்போதே கட்டி, கேட்டுக்குப் பின்னால் செம்பருத்திச் செடி அடியில் வைத்திருந்தாள். இரவு பெய்த மழையில் செடி சொட்டிக்கொண்டிருந்தது. பையின் மேல்பக்கம் நனைந்துபோயிருந்தது. துடைக்காமல் தோளில் மாட்டினாள்.

டீ முடிந்து ஆட்கள் ஹாலுக்குத் திரும்ப ஆரம்பித்திருந்தார்கள். வெறுங்காலோடு, ஈரமண்ணை மிதித்துக்கொண்டு படியேறினார்கள். இப்போது அங்கே பாதங்கள் பதியும். வேதா துடைக்க வேண்டும், அவர்கள் எல்லோரும் பார்க்க. குச்சி கையில் இருந்தது. கிண்ணமும் சன்னல்மேல்தான் இருந்தது. எட்டுகிற தூரம். அதை வெளியே எறிந்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றியது.

திரும்பினால் சன்னல் வழியாகத் தெரியும், அம்மா நிற்கிறாளா மண்டி போட்டாளா என்று. மண்டி போட்டிருந்தால் போக முடியாது.

கீதாஞ்சலி கேட்டைத் திறந்து, வெளியே வந்து, கொக்கியைப் போட்டாள். சந்தின் சேற்றில் செருப்பு வழுக்கியது. கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு செங்கம் சாலையைப் பார்த்து நடந்தாள். பஸ் ஸ்டாண்டு போகிற ஷேர் ஆட்டோ ஒன்று தூரத்தில் வந்தது. செருப்புக் கையையே தூக்கிக் காட்டினாள்.